ரொட்டிக்கடைச் சம்மந்தி

1

எம் பேத்திக்கு இன்னியோட ஒரு வயசு ரொம்புது. காலைல எந்திரிச்சதுலருந்து ஒரு ரொட்டித் துண்ட கையில வெச்சுக்கிட்டு, மொளச்ச நாலு பல்லால அதச் சொரண்டிக்கிட்டே இருக்கறா. வெறகுக்கட்டையாட்டம் ரொட்டிங்க அது. புடுங்குனா வூடே இடிஞ்சு வுழுவற மாதிரி கத்தறா. சரி, சொரண்டிக்க போன்னு வுட்டுட்டேன்.

அந்த ரொட்டியப் பாத்ததும் போன வருசம் நான் பண்ண கூத்து நெனப்புக்கு வந்துருச்சு. பாப்பாரப்பட்டில எந் தங்கச்சிக்கும், எங்க தெருச் சனத்துக்கும் அத ஒருக்காவாவது சொல்லோணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆச. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால நான் சொல்லச் சொல்ல எம் மருமவ ரோசாலி எழுதறா. நான் எத எப்படிச் சொல்றனோ அத அப்படியே எழுதோணும், திருத்தக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். இப்பவே "அத்தே, இதெல்லாம் எதுக்கு"ங்கறா. எழுதுடி நீ.

நான் லண்டனுக்கு வந்து மூணு வருசம் ஆவுது. எம்பதாம் வருசம் எங்க வூட்டுக்காரரு போயிச் சேந்தாரு. அப்பறம் எம் பையன் முனியப்பன் ஒத்தப் புள்ள, என்னயத் தனியா வுட மாட்டேன்னு கூட்டியாந்துட்டான். அவனுக்கு இங்க கட்டடத்துக்குப் படம் போடற ஆபீசுல வேல.

வந்த புதுசுல ஒரு ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனான். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒரு வெள்ளக்காரப் பொண்ணு, நீ எந்தத் தேதில பொறந்தன்னு கேட்டுச்சு. மாரியம்மன் பண்டிகைக்கு மூணு நாளு முந்தின்னேன். முனியன் அத இங்கிலீசுல சொல்ல முடியாம முழிச்சான். அந்தப் பொண்ணு மறுக்கா கேட்டுச்சு. அந்த வருசம் எங்கூருல கம்பு நல்லா வெளஞ்சுச்சுன்னு எங்காயா சொல்லிருக்குதுன்னேன். கடைசில அவனே ஏதோ ஒரு தேதியப் போட்டான். கைநாட்டு வெக்கறேன்னு வெரல நீட்டுனேன், மையி இல்லைன்னுட்டாங்க. எத்தாம் பெரிய ஆபீசு, ஒரு மைடப்பா இல்ல பாருங்க.

2

ரோசாலி புதுச்சேரிப் பொண்ணு. கிறிஸ்தவங்க. அவுங்கப்பா ப்ரெஞ்சு மிலிட்டரில இருந்தவரு. அதனால இவளுக்கும் ப்ரெஞ்சு பாஸ்போட்டு. லண்டனுக்குப் படிக்க வந்த எடத்துல எம் பையனப் பாத்துக்கிட்டா. ரெண்டு பேரும் பதிவு ஆபீசுல மால மாத்திக்கிட்டு போட்டோ அனுப்பினாங்க. எனக்கு மொதல்ல கோவந்தான். போட்டோவ எடுத்துப் பாத்தா பொண்ணு சிரிச்ச மொகமா இருந்துச்சு. கோவத்த எங்க வெக்கறது?

அவுங்கம்மாவுக்குத்தான் கோவம் எறங்கவே இல்ல. மாதா கோயில்ல கட்டிக்காத பொண்ணு எம் பொண்ணே இல்லைன்னுட்டாங்க. நான் ப்ளேன் ஏறறதுக்கு முந்தி ஒரு நாளு, சமாதானம் பண்ணலாம்னு வாழப்பழமும் பூவும் வாங்கிக்கிட்டு, தருமபுரிலருந்து பஸ் மாறி மாறிப் புதுச்சேரிக்கே போனேன். வெரட்டலீங்க. உக்கார வெச்சு, கிண்ணத்துல காப்பி ஊத்தி, மொழங்கை நீளத்துக்கு ஒரு ரொட்டிய ஒடச்சு, தொட்டுச் சாப்டுங்கன்னு வெச்சாங்க. பொண்ணு பேச்ச எடுத்தேன். எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. வந்தாங்க. மறுக்கா எடுத்தேன். மறுக்கா போயிட்டாங்க. நாலு தடவ அப்படி. ரொட்டி மட்டும் ருசியா இருந்துச்சு.

(ரோசாலி எழுதறத நிறுத்திட்டா. இந்த ரொட்டிக் கதைய அவகிட்ட நான் சொன்னதே இல்லியாம். ஆமா, சொல்லல. சொல்லி என்ன ஆவப் போவுது. எழுது கண்ணு.)

3

மசக்கைன்னா மூணு மாசம் இருக்கும், நாலு மாசம் இருக்கும். இவளுக்கு ஏழாம் மாசம் வந்தும் நிக்கல. சோத்த வடிச்சா வாந்தி, தாளிச்சா வாந்தி, நான் தலைக்கு எண்ண வெச்சுக்கிட்டுப் பக்கத்துல வந்தாலும் வாந்தி. கன்னமெல்லாம் ஒட்டிப் போயி கண்ணு மட்டுந்தான் மிச்சம்.

ஆஸ்பத்திரில எட போடுவாங்க. ஒரு அட்டையில கோடு கோடாப் போட்டிருக்கும். மத்தவங்களுக்குக் கோடு மேல ஏறும், இவளுக்குக் கீழ எறங்குச்சு. படிக்கத் தெரியாதவளுக்குக் கூட அது புரியும். அடுத்த வாரம் புதங்கெழம எட போடறப்ப ஏறலைன்னா, புள்ள பொறக்கற வரைக்கும் ஆஸ்பத்திரில படுக்க வெச்சு, மூக்குல கொழாய வெச்சுப் பாலு ஊத்துவோம்னு சொல்லிட்டாங்க. வூட்டுக்கு வந்து செவத்தப் பாத்துப் படுத்தவ எந்திரிக்கல.

"என்னடி சாப்டத் தோணுது? வாயத் தொறந்து சொல்லு."

"ஒன்னும் வாணாம் அத்தே. எங்க வூட்டு ரொட்டின்னா ஒரு வாய் எறங்கும்போல இருக்குது."

முனியன் ஓடிப்போயி தெருமொனைக் கடைல ப்ரெஞ்சு ரொட்டின்னு ஒன்ன வாங்கியாந்தான். பஞ்சாட்டம் இருந்துச்சு. அவ மோந்து பாத்துட்டுத் தள்ளி வெச்சுட்டா.

எனக்கு அப்பத்தான் பொட்டுல அடிச்சாப்ல ஒன்னு தோணுச்சு. ஏழாம் மாசம். கட்டுச்சோறு போடலியே! நம்மூருல ஏழாம் மாசத்துல பொறந்த வூட்டுக்காரங்க புளிச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறுன்னு வகவகயா ஆக்கி, பாத்திரத்த வேட்டித்துணில கட்டி எடுத்துக்கிட்டு வருவாங்க. அவுங்க கையால வாங்கித் தின்னாத்தான் வயித்துல இருக்கறதுக்குத் தாய்மாமன் வூட்டு ருசி எறங்கும். இவளுக்கு யாரு எடுத்துக்கிட்டு வருவா? மூணு லெட்டரு போட்டா அம்மாவுக்கு. ஒன்னுக்கும் பதிலு இல்ல.

"டேய் முனியா, இந்த ஊருல ப்ரெஞ்சுக்காரங்க எங்கடா இருக்காங்க?"

"எதுக்கும்மா?"

"இவ பொறந்த வூட்டுச் சோறு வாங்கியாரோணும்."

"வேற கடைல நல்ல ரொட்டியா வாங்கிட்டு வரேன், இரும்மா."

"நீ காசு குடுத்து வாங்குனா அது மாமியா வூட்டுச் சோறுடா. குடுக்கறவங்க குடுக்கோணும்."

அவன் என்னயப் பாத்த பார்வையச் சொல்ல முடியாது. ஆபீசுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டான்.

4

எங்க பக்கத்து வூட்டுல சரோஜம்மான்னு ஒரு மைசூர்க்காரி. ஒரு பள்ளிக்கூடத்துல சமையல் வேல. எனக்குக் கன்னடம் தண்ணி பட்ட பாடு. எங்கூருல பாதி வூட்டுல கன்னடந்தான், மாட்டுச் சந்தைல தெலுங்குந்தான். லண்டன்ல இங்கிலீசு தெரியாத எனக்குப் பேச்சுத் தொண கெடச்சது கன்னடத்தாலதான். அவகிட்டக் கேட்டேன்.

"கென்சிங்டன்னு ஒரு எடம் இருக்குது. அல்லி பூரா ப்ரெஞ்சு ஜனானே"ன்னா. அங்க எல்லாம் ப்ரெஞ்சு சனம்தான், பள்ளிக்கூடம் கூட அவுங்க பள்ளிக்கூடம், பஸ்ல போறப்ப பாத்திருக்கேங்கறா.

அவளுக்கு லீவு வந்த செவ்வாக்கெழம கெளம்பிட்டோம். நான் பட்டுச்சேல கட்டிக்கிட்டேன், சம்மந்தி வூட்டுக்கு இல்ல போறோம். மேல கம்பளிக் கோட்டு. கையில அஞ்சடுக்கு டிபன் கேரியரு. அடியடுக்குல எள்ளுருண்ட புடிச்சு வெச்சேன். வெறும் பாத்திரத்த நீட்டற வழக்கம் எங்க வூட்டுல இல்ல. மாடி பஸ்ல மேல மொத சீட்டுல உக்காந்துக்கிட்டோம். மரக்கெளையெல்லாம் கண்ணாடில வந்து அடிக்குது. சரோஜம்மா ஒவ்வொரு தடவையும் தலயக் குனிஞ்சுக்கறா, கண்ணாடி இருக்குதுன்னு எத்தன தடவ சொன்னாலும் குனியறா.

எறங்கி நடந்தோம். நான் ஒவ்வொரு மூஞ்சியாப் பாக்கறேன். கடையப் பாக்கறேன், காப்பிக் கடைக்கு வெளிய நாக்காலி போட்டு உக்காந்திருக்கறவங்களப் பாக்கறேன். நம்மாளு ஒருத்தருமில்ல. நாலு தெரு சுத்திட்டோம். கால் கடுத்துப் போச்சு.

"சரோஜா, ப்ரெஞ்சுக்காரங்க இருக்காங்கன்னு சொன்னியே. எல்லாம் வெள்ளக்காரங்களா இல்ல இருக்காங்க?"

"ப்ரெஞ்சுக்காரங்கன்னா வெள்ளக்காரங்கதானே மாதம்மா!"

"அடிப்போடி. எம் மருமவ ப்ரெஞ்சுக்காரி. அவுங்கம்மா, அவுங்கப்பா, அந்தத் தெருவே ப்ரெஞ்சுக்காரங்க. நான் நேர்ல போயிப் பாத்திருக்கறேன். எல்லாம் நம்ம நெறந்தான். நல்லாத் தமிழு பேசுனாங்க."

சரோஜம்மா அந்த எடத்துலயே, ஒரு கடை வாசப்படில, உக்காந்துட்டா. சிரிக்கறா சிரிக்கறா, கண்ணுல தண்ணி ஊத்துது. போற வர்ற சனம் நின்னு பாக்குது. எனக்கு வெக்கமாப் போச்சு. அப்பறம் எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. அம்பது வருசமா ப்ரெஞ்சுக்காரன்னா புதுச்சேரிக்காரன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்திருக்கறேன். எங்கூருல யாரக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவாங்க, நீங்க வேணா கேட்டுப் பாருங்க.

அப்படி உக்காந்து சிரிச்சப்பத்தான் வாசன வந்துச்சு. சுட்ட மாவு வாசன. சரோஜம்மா உக்காந்திருந்த படி ஒரு ரொட்டிக்கடைப் படி.

5

உள்ள போனோம். என் வயசு இருக்கும் அந்தம்மாவுக்கு. தடிச்ச ஒடம்பு, மொழங்கை வரைக்கும் மாவு, கழுத்துல சின்னச் சிலுவ. பின்னால அடுப்புக்கிட்ட நிக்கற வூட்டுக்காரர ஏதோ வையுது, அந்த மனுசன் பாட்டுக்கு ரொட்டிய அடுக்கறாரு. நம்ம வூட்டாட்டமே இருந்துச்சு. கூடைல பாத்தா, புதுச்சேரில எனக்கு ஒடச்சு வெச்ச அதே ரொட்டி, மொழங்கை நீளம்.

நான் கேரியர மேசமேல வெச்சுக் கைகூப்புனேன். "அம்மா, எம் மருமவளுக்குக் கட்டுச்சோறு வேணுங்க"ன்னேன். தமிழுலதான். வேற எதுல சொல்றது?

அந்தம்மா என்னயப் பாத்துச்சு, தொறந்த கேரியரப் பாத்துச்சு. மொகம் மாறிப்போச்சு. பாவம்னு நெனச்சுக்கிட்டு, கீழ குனிஞ்சு பழைய ரொட்டி ரெண்டு எடுத்துக் காயிதப் பையில போட்டு நீட்டுச்சு.

சரோஜம்மா எங் கோட்டப் புடிச்சு இழுக்கறா. "அய்யோ, பிச்ச கேக்கறோம்னு நெனச்சுட்டாங்க. மானம் போச்சு, நடி மாதம்மா."

எனக்கும் சுருக்குன்னுதான் இருந்துச்சு. பட்டுச்சேல கோட்டுக்குள்ள இருக்குது, யாருக்குத் தெரியும்? ஆனா அங்க ஒருத்தி செவத்தப் பாத்துப் படுத்திருக்கறா. புதங்கெழமைக்கு எட்டு நாளு இருக்குது. நான் காயிதப் பைய வாங்கல. அடியடுக்கத் தொறந்து அந்தம்மா கையில ஒரு எள்ளுருண்டைய வெச்சேன். தின்னுங்கன்னு வாயக் காட்டுனேன். ஒரு கடி கடிச்சுச்சு. மென்னுச்சு. வூட்டுக்காரரக் கூப்புட்டு அவரு வாயில பாதியத் திணிச்சுச்சு. அவரு தலய ஆட்டுனாரு. இன்னொன்னு எடுத்துக்கிச்சு.

இனிப் பேசலாம்னு, நான் கையால வயிறு பெருசா இருக்கறாப்ல காட்டுனேன். அந்தம்மா என் நரச்ச தலயப் பாத்துச்சு, வயித்தப் பாத்துச்சு, வாயப் பொத்திக்கிச்சு.

"நான் இல்லீங்க! இந்த வயசுலயா! சரோஜா, சொல்லித் தொலடி!"

சரோஜம்மா தனக்குத் தெரிஞ்ச இங்கிலீச எல்லாம் தெரட்டி, பொண்ணு மாசமா இருக்கறா, சாப்டறதே இல்ல, அம்மாக்காரி வர மாட்டேங்கறா, எங்க வழக்கத்துல அம்மா வூட்டுலருந்து சாப்பாடு குடுக்கோணும், பொண்ணு ப்ரெஞ்சுப் பொண்ணு, அதனால இந்தம்மா உங்கள அம்மா வூடுன்னு நெனச்சு வந்திருக்குதுன்னு சொன்னா. இத்தனையும் சொன்னாளா, பாதி சொன்னாளான்னு எனக்குத் தெரியாது. கையி வேகமா ஆடுச்சு.

அந்தம்மா அந்தக் காயிதப் பைய எடுத்துக் கீழயே போட்டுருச்சு. கைய ஏப்ரன்ல தொடச்சுக்கிட்டு, அடுப்புலருந்து அப்பத்தான் எடுத்த ரொட்டிய ஒடச்சு மேலடுக்குல வெச்சுச்சு. அடுத்த அடுக்குல பிறையாட்டம் வளஞ்ச வெண்ண ரொட்டி. அதுக்கடுத்ததுல முட்டையும் பாலும் போட்டு வேக வெச்ச பணியாரமாட்டம் ஒன்னு. அதுக்குங் கீழ பழத்துண்டு வெச்ச ஒரு வில்ல. எள்ளுருண்ட அடுக்க மட்டும் எடுத்து, இது எனக்குன்னு தம் பக்கம் வெச்சுக்கிச்சு. நான் இடுப்புல சொருவியிருந்த வேட்டித்துணிய எடுத்து நீட்டுனேன். தானே கட்டுச்சு. முடிச்சு சரியாப் போடல. சரி, அவுங்க வழக்கம் எப்படியோ.

வெளிய வர்றப்ப சரோஜம்மாகிட்ட ஏதோ சொல்லுச்சு. "சனிக்கெழம அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க"ன்னா.

6

வூட்டுக்கு வந்து, படுத்திருந்தவ பக்கத்துல முடிச்ச அவுத்தேன். வாசனைக்கு அவ திரும்புனா. வாந்திக்கு ஓடறாளோன்னு நான் தொட்டிய எடுத்துக்கிட்டேன். ஓடல. ரொட்டி ஓரத்த, அந்த மொறுமொறுன்னு இருக்கற பக்கத்த, ஒடச்சு வாயில வெச்சுக்கிட்டா.

"அத்தே, எங்க வாங்குனீங்க?"

"வாங்கல. உங்க வூட்டுல குடுத்தாங்க."

"எங்க வூட்டுலியா?"

"உங்க வூட்டுலதான். உங்கூருச் சனம் இத்தன வெளுப்புன்னு ஏண்டி எங்கிட்டச் சொல்லல?"

அவ சிரிச்சு நாலு மாசம் ஆச்சு. அன்னிக்குச் சிரிச்சா. அர ரொட்டி உள்ள போச்சு. மறுநாளு மிச்சம்.

எட போட்ட கதைய இங்கயே சொல்லிப்புடறேன், இல்லைன்னா எந் தங்கச்சிக்குத் தூக்கம் வராது. அடுத்த புதங்கெழம நர்சம்மா முள்ளப் பாத்துச்சு, எறங்கச் சொல்லி மறுக்கா ஏறச் சொல்லுச்சு, அட்டையில கோட்டக் கொஞ்சூண்டு மேல இழுத்துச்சு. படுக்க வெக்கல, கொழாயும் வெக்கல. ஆனா அது அந்த ஒரு செவ்வாக்கெழம ரொட்டியால இல்ல. நடுவுல சனிக்கெழம வந்துச்சு, அதுதான் காரணம்.

சனிக்கெழம ரோசாலிய ரெண்டு பக்கமும் புடிச்சுக்கிட்டு நானும் சரோஜம்மாவும் போனோம். முனியனுக்கு ஆபீசுல வேல, சாயங்காலமா வரேன்னான். கடைக்குள்ள நொழஞ்சதும் அந்தம்மா ஏதோ சொல்லுச்சு. இவ அவுங்க பாசைலயே பதிலு சொன்னா. அவ்ளோதான், மேசையச் சுத்திக்கிட்டு வெளிய வந்துருச்சு. நாக்காலி போட்டு உக்கார வெச்சு, கிண்ணத்துல பால்காப்பி ஊத்தி, ரொட்டிய ஒடச்சுக் கையில குடுத்துட்டு, இடுப்புல கைய வெச்சுக்கிட்டு வைய ஆரம்பிச்சுச்சு பாருங்க! கன்னத்தத் தொட்டு வையுது, மணிக்கட்ட வளைச்சுப் புடிச்சுக் காட்டி வையுது. சனம் ரொட்டி வாங்க வரிசைல நிக்குது, அதுக்கென்ன. எனக்கு ஒரு எழுத்து புரியல. ஆனா அது என்ன வசவுன்னு எனக்குத் தெரியும். நானும் ஒருத்தியப் பெத்துக் குடுத்திருந்தா அதே வசவுதான் வஞ்சிருப்பேன். ரோசாலி அழுவறா, அழுதுக்கிட்டே தொட்டுத் தொட்டுத் தின்னறா. கிண்ணம் தீந்துச்சு. அந்தம்மா கேக்காமயே மறுக்கா ஊத்துச்சு.

நம்மூருல கட்டுச்சோறு முடிஞ்சதும் பொண்ணப் பொறந்த வூட்டுக்காரங்க தங்கூடக் கூட்டிக்கிட்டுக் கெளம்புவாங்க இல்ல. அப்ப மாமியாக்காரி ஒரு வார்த்த சொல்லியாவோணும். நான் எந்திரிச்சு, சேல தலப்ப ஒழுங்கா இழுத்து வுட்டுக்கிட்டு, தமிழுலயே சொன்னேன்:

"சம்மந்தியம்மா, புள்ளைக்கு அஞ்சு மாசம் ஆனதும் பத்தரமாக் கூட்டியாந்து வுட்ருங்க."

"என்ன சொல்றாங்க?"ன்னு அந்தம்மா ரோசாலியக் கேட்டுச்சு. இவ மூக்கத் தொடச்சுக்கிட்டு அவுங்க பாசைல சொன்னா. அந்தம்மா என்னய மேலயும் கீழயும் பாத்துச்சு. அப்பறம் ஒரு கைய ரோசாலி தோள்மேல போட்டுக்கிட்டு, மொகத்தத் தூக்கி ஏதோ வெடுக்குன்னு சொல்லுச்சு.

"என்னடி?"

"'அதெல்லாம் அனுப்ப முடியாது, வேணும்னா நீங்க வந்து பாத்துக்கங்க'ங்கறாங்க அத்தே."

எங்கூருல பொண்ணு வூட்டுக்காரி அந்த எடத்துல சொல்லோணும்னு இருக்கற பதிலு அதுதாங்க. அப்படி வீம்பாச் சொன்னாத்தான் பொண்ணுக்குப் பெரும. அந்தம்மா நெசமா அதையேதான் சொல்லுச்சா, இவ சேத்துச் சொன்னாளான்னு நான் கேக்கல. மாமியாக்காரி மூஞ்சிய உம்முன்னு வெச்சுக்கோணும், நானும் வெச்சுக்கிட்டேன். சாயங்காலமா முனியன் வந்து வூட்டுக்குக் கூட்டியாந்துருவான், ஆனாலும் வாய்ல 'வந்து பாத்துட்டுப் போவட்டும்'னு சொல்லிட்டு, சரோஜம்மாவ இழுத்துக்கிட்டுக் கதவத் தொறந்து வெளிய வந்து பஸ்ஸுக்கு நின்னேன். எம் மருமவ அவ பொறந்த வூட்டுல உக்காந்து சாப்டுக்கிட்டு இருந்தா.